பக்கத்துச் சபையின் புகை

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பு மாவட்டத்தில், 2025 மே தேர்தலில் ஒரு பிரதேச சபைக்குத் தெரிவான இளம் உறுப்பினர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பின்னேரமானால் எங்கட வட்டாரம் முழுக்கப் புகை. பாதி எங்கட ஆக்கள் எரிக்கிறது, மிச்சம் பக்கத்துச் சபைப் பக்கமிருந்து வருகிறது. காற்றின் தரத்துக்கென்று சபைகள் சேர்ந்து ஒரு திட்டம் போடலாமா? சட்டத்தில் இடமிருக்கா? எதில் தொடங்குவது?"

போடலாம், தம்பி. சட்டத்திலும் இடமிருக்கிறது. எதில் தொடங்குவது என்பதற்குத்தான் கொஞ்சம் நீட்டிப் பதில் சொல்ல வேண்டும்.

நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வேலையில் முடி நரைத்து ஓய்வு பெற்றவன். புகையைப் பற்றிப் புத்தகத்தில் படித்ததை விட ஒழுங்கைகளில் நின்று இருமிக் கற்றதுதான் அதிகம். ஒரு காலைப் பொழுதைச் சொல்கிறேன். ஒரு ஒழுங்கை, அதன் முடிவில் ஒரு வடிகான். வடிகானுக்கு இந்தப் பக்கம் ஒரு சபை, அந்தப் பக்கம் இன்னொரு சபை. கரையில் ஒரு குப்பைக் குவியல்: தென்னோலை, பம்பர்ஸ், யோகட் கோப்பைகள், ஒற்றைச் செருப்பு, மேலே ஈரச் சருகு. யாரோ விடியப்புறம் நெருப்பு வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். சருகு ஈரமாக இருந்ததால் சுவாலை எழவில்லை. மஞ்சள் கலந்த கனத்த புகை இடுப்பளவு உயரத்தில் தவழ்ந்து, இருபது யார் தள்ளி இருந்த பாலர் பாடசாலையின் கம்பி வலைக்குள் போய்க்கொண்டிருந்தது. ரீச்சர் சேலைத் தலைப்பை மூக்கில் பிடித்துக்கொண்டு பிள்ளைகளைப் பின் விறாந்தைக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

முறைப்பாடு இரண்டு பக்கமும் போயிருந்தது. ஆகவே இரண்டு பரிசோதகர்கள் வந்து நின்றோம். என்ன செய்தோம் தெரியுமா? அளவு நாடா பிடித்தோம். குவியலின் முக்கால் பங்கு அவருடைய எல்லைக்குள், கால் பங்கு என்னுடையதில் என்று ஆளுக்கொரு குறிப்பு எழுதிக்கொண்டோம். இரண்டு அலுவலகங்களுக்கும் இரண்டு கடிதங்கள் போயின. நெருப்பை அணைத்தது அந்த ரீச்சர், இரண்டு வாளித் தண்ணீரால். இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இனி ஊரின் அமைப்பைப் பாருங்கள். இந்த மாவட்டத்தில் 12 உள்ளூராட்சி சபைகள். மட்டக்களப்பு மாநகர சபை ஒன்று, காத்தான்குடி, ஏறாவூர் என நகர சபைகள் இரண்டு, மிச்சம் 9 பிரதேச சபைகள். கல்லடிப் பாலம் கடந்து கல்முனை வீதியில் தெற்கே போனால், நாவற்குடா தாண்டும் வரை மாநகர சபை, அடுத்தது காத்தான்குடி நகர சபை, அது முடிந்த கையோடு ஆரையம்பதியில் மண்முனைப் பற்றுப் பிரதேச சபை. மோட்டார் சைக்கிளில் கால் மணிநேரப் பயணத்தில் மூன்று சபைகள். இடப்பக்கம் கடல், வலப்பக்கம் வாவி, நடுவில் நெருக்கிப் பிடித்த வீடுகள். வடக்கே போனால் இன்னும் வேடிக்கை. தன்னாமுனையில் ஏறாவூர்ப்பற்றுப் பிரதேச சபை, கொஞ்சத் தூரத்தில் ஏறாவூர் நகர சபை, செங்கலடி வந்தால் மறுபடியும் ஏறாவூர்ப்பற்று. எந்த மதிலோடு எந்தச் சபை முடிகிறது என்பது சோலைவரிப் பற்றுச்சீட்டைப் பார்த்தால்தான் சிலருக்கே தெரியும். புகைக்கு எங்கே தெரியப்போகிறது.

காற்றைப் பற்றி எங்கட பெரியவர்களுக்கு நல்ல அறிவு இருந்தது. வைகாசியில் தொடங்கிப் புரட்டாதி வரை கச்சான், மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து உடம்பைக் காய வைக்கிற வெப்பக் காற்று. கார்த்திகைக்குப் பிறகு மாசி வரை வாடை, வடகிழக்கிலிருந்து கடல் ஈரத்தோடு. இதை வைத்துக்கொண்டு எங்கட புகையின் கணக்கைப் பாருங்கள். சிறுபோக அறுவடை கச்சான் காலத்தில் வருகிறது. அப்போது வாவிக்கு மேற்கே படுவான்கரை வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், வைக்கோலுக்கு வைக்கும் நெருப்பின் புகை, வாவியைக் கடந்து கிழக்கே எழுவான்கரைக்கு, நகரத்து வீடுகளுக்குள் வருகிறது. பெரும்போக அறுவடை தை கடைசியில் தொடங்கிப் பங்குனி வரை இழுபடும். அப்போது கடற்பக்கத்துக் காற்று. நகரம் தப்பிவிடும். ஆனால் நகரத்தில் எரிக்கிற குப்பையின் புகையும் வட்டைப் புகையும் சேர்ந்து வவுணதீவு, கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஆக்களின் தலையில் இறங்கும். இரவில் காற்று விழுந்து பனி இறங்கும் நாட்களில் இன்னும் மோசம். புகை மேலே போகாமல் நிலத்தோடு படுத்துக்கிடக்கும். விடியப்புறம் நாலு மணிக்கு முட்டு இழுக்கிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற தாய்மாருக்கு இது நன்றாகத் தெரியும்.

அதாவது ஆடி ஆவணியில் படுவான்கரை நகரத்துக்குப் புகை அனுப்புகிறது, தை மாசியில் நகரம் படுவான்கரைக்கு அனுப்புகிறது. இரண்டு பக்கத்துக்கும் கைமாற்று இருக்கிறது. என் அபிப்பிராயத்தில் எங்கட மாவட்டத்தில் சபைகள் சேர்வதற்கு உள்ள பெரிய வாய்ப்பே இதுதான். ஒரு பக்கம் எப்போதும் கொடுப்பது, மறுபக்கம் எப்போதும் வாங்குவது என்று இருந்தால் கொடுப்பவனுக்கு உடன்படிக்கைக்கு வர என்ன அவசரம்?

அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் கதை அப்படித்தான் ஆனது. அங்கே கடற்காற்று நகரத்தின் புகையை உள்நாட்டுப் பக்கமாக, ரிவர்சைட், சான் பேர்னாடினோ மாவட்டங்களுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தது. லொஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டம் 1947 இலேயே காற்று மாசைக் கட்டுப்படுத்தத் தனிப் பிரிவு தொடங்கியது, 1957 இல் வீட்டு வளவுகளில் குப்பை எரிக்கும் அடுப்புகளைத் தடையும் செய்தது. இருந்தாலும் ஒவ்வொரு மாவட்டமும் தனித்தனியாக அடித்துக்கொண்டிருந்ததால் காரியம் நடக்கவில்லை. கடைசியில் மாநிலம் சட்டம் போட்டு, 1977 இல் நான்கு மாவட்டங்களின் நகர்ப்புறங்களுக்குமாக ஒரே அதிகார சபையை உருவாக்க வேண்டி வந்தது. எங்கட இடத்தில் காற்று வருடத்துக்கு இரண்டு முறை பக்கம் மாறுகிறது. மேலிருந்து யாரும் கட்டாயப்படுத்தாமலே பேசித் தீர்க்கலாம்.

சரி, எதைப் பேசுவது? புகை எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். வாகனப் புகையை நான் கடைசியில்தான் வைப்பேன். வாகன வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்கும் முறை 2008 முதல் இருக்கிறது. அது மத்திய ஏற்பாடு, சபைக்கு அதில் கை இல்லை. சந்தைப் பக்கம் வாகனத்தை இயங்க விட்டபடி நிறுத்தி வைப்பதையும், மணல் டிப்பர்கள் படங்கு மூடாமல் ஓடுவதையும் வேண்டுமானால் பொலிசோடு சேர்ந்து பார்க்கலாம். அரிசி ஆலைகளின் உமிப் புகையும் சாம்பலும் உண்மையான பிரச்சினைதான். ஆனால் அவற்றுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் என்ற கடிவாளம் இருக்கிறது. பெரிய தொழில்களுக்கு அதை மத்திய சுற்றாடல் அதிகார சபை கொடுக்கிறது. மாசு குறைந்த பட்டியலில் வரும் சிறு தொழில்களுக்குக் கொடுக்கிற அதிகாரம் உள்ளூராட்சி சபைகளுக்குப் பாரப்படுத்தப்பட்டிருக்கிறது. உங்கட சபையில் எத்தனை பேர் அதைப் புதுப்பித்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை கோப்பை எடுத்துப் பாருங்கள், போதும்.

வளவுக் குப்பைதான் முதல் விசயம். எங்கட ஆக்களுக்கு விடிந்தால் வளவு கூட்ட வேண்டும், கூட்டினால் கஞ்சலுக்கு நெருப்பு வைக்க வேண்டும். நுளம்பு போகும் என்று ஒரு நியாயம், பாம்பு வராது என்று ஒரு நியாயம். என் தாயாரும் அப்படித்தான் செய்தார். அந்தக் காலத்துக் கஞ்சல் மாவிலையும் பலா இலையும். இப்போது அதற்குள் சொப்பிங் பையும் பால்மாப் பக்கற்றும் பம்பர்சும் கிடக்கின்றன. அவற்றை வளவின் குறைந்த சூட்டில் எரித்தால் டயொக்சின் போன்ற நஞ்சுகள் உண்டாகும். இலையை மட்டும் எரித்தாலும் நுண்துகள் வருவது வருவதுதான். தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்கு அல்லது அதற்கும் கீழே இருக்கும் துகள்கள் அவை. மூக்கு மயிரில் நிற்காமல் நுரையீரலின் அடிவரை போகும். இவற்றுக்கு இலங்கையின் 2008 ஆம் ஆண்டு நியமம், ஒரு கன மீற்றர் காற்றில் வருடச் சராசரி 25 மைக்ரோகிராம், ஒரு நாளைக்கு 50. உலக சுகாதார நிறுவனம் 2021 இல் தன் வழிகாட்டலை வருடத்துக்கு 5, நாளைக்கு 15 என்று இறக்கிவிட்டது. வருடக் கணக்கில் எங்கட நியமத்துக்கும் அதற்கும் இடையில் ஐந்து மடங்கு இடைவெளி. "சட்டத்துக்கு உட்பட்டுத்தான் இருக்கிறது" என்று யாராவது கூட்டத்தில் சொன்னால் இதை ஞாபகப்படுத்துங்கள்.

திறந்த வெளியில் குப்பையை, குறிப்பாகப் பிளாஸ்டிக்கை எரிப்பதற்கு 2017 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் தடை வந்தது. அதற்கு முன்பே 1862 ஆம் ஆண்டுத் தொல்லைகள் கட்டளைச் சட்டத்தில் நாங்கள் வழக்குப் போட்டிருக்கிறோம். சட்டத்துக்குக் குறைவில்லை. எரிக்கிற மனிசியிடம் போய்த் தடை என்று சொன்னால் அவர் திருப்பிக் கேட்பார்: "குப்பை டிரக்டர் வந்து எத்தனை நாள் மகன்?" அதற்கு என்னிடம் பதில் இருந்ததில்லை. எல்லை ஒழுங்கைகளில்தான் அந்தக் கேள்வி கூடுதலாக வரும். இந்தச் சபையின் டிரக்டர் முக்கால்வாசி ஒழுங்கை வரை வந்து திரும்பிவிடும், அந்தச் சபையின் டிரக்டர் மறுமுனையில் திரும்பிவிடும், நடுவில் பத்து வீடுகள் அநாதை. புகை வரும் இடங்களைப் படத்தில் குறித்துப் பாருங்கள், இப்படியான இடங்கள்தான் அடுக்காக வந்து விழும்.

ஆகவே உங்கட முதல் கூட்டு வேலை, எல்லை ஒழுங்கைகளைப் பங்கு பிரிப்பது. வரி யாருக்குப் போகிறது என்பது ஒரு பக்கம் கிடக்கட்டும். யாருடைய டிரக்டருக்கு எந்த ஒழுங்கை கிட்ட இருக்கிறதோ அது அள்ளட்டும், வருடக் கடைசியில் சுமைக் கணக்குப் பார்த்துச் செலவைத் தீர்த்துக்கொள்ளலாம். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. இரண்டு சபையும் தீர்மானம் எடுத்து, செயலாளர்கள் கையொப்பமிட்ட ஓர் உடன்படிக்கை போதும். தண்டனையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குப்பை கடுமை குறைந்த சபைப் பக்கமாக நடந்து போய்விடும். 1952 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்கச் சட்டத்தில் மாதிரி உபவிதி, அதாவது சபைகள் தங்கட எல்லைக்குள் நடைமுறைப்படுத்தும் விதிகளுக்கான பொது வாசகம், என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஒரே வாசகத்தை ஒவ்வொரு சபையும் தீர்மானத்தால் ஏற்றுக்கொள்ளலாம். சபைகள் ஒன்றாகச் செயற்படுவதற்கு இதைவிடச் சுலபமான கதவு எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது வைக்கோல். இதில் நகரத்து ஆக்கள் விவசாயியைத் திட்டுவதை முதலில் நிற்பாட்ட வேண்டும். முந்திச் சூடு மிதித்த காலத்தில் வைக்கோல் களத்திலே ஒரு கும்பமாகக் குவிந்திருந்தது. மாட்டுக்கு எடுத்தார்கள், கூரைக்குப் போட்டார்கள். வாழைச்சேனைக் காகித ஆலை வைக்கோலைக் கூழாக்கிக் காகிதம் செய்த காலமும் இருந்தது. இப்போது வெட்டும் மெசின் ஒரு நாளில் வட்டையை முடித்துவிட்டு வைக்கோலை வயல் முழுக்க வரிசையாகச் சிந்திவிட்டுப் போகிறது. அதை அள்ளக் கூலி கொடுத்தால் கட்டுப்படியாகாது, அடுத்த போகத்துக்கு உழவு நெருங்கிவிடும். ஒரு தீக்குச்சி மலிவு. ஆனால் பயிர் உறிஞ்சிய பொட்டாசியத்தில் பெரும் பங்கு வைக்கோலில்தான் தங்கியிருக்கிறது. 2021 இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்து பட்ட பாட்டுக்குப் பிறகு, இந்தக் கணக்கைக் காது கொடுத்துக் கேட்கிற போடிமார், பெரிய வயற்காரர்கள், இருக்கிறார்கள்.

வைக்கோல் விசயத்தில் சபைக்குத் தனியே அதிகாரம் குறைவு. ஆனால் அதைப் பேச வேண்டிய மேடை ஏற்கெனவே போட்டிருக்கிறது. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் நடக்கிற ஆரம்பக் கூட்டம்தான் அது. விதைப்புத் திகதி, தண்ணீர் திறக்கிற திகதி, மாடுகளை மேய்ச்சல் தரைக்கு வெளியேற்றுகிற திகதி எல்லாம் அங்கேதான் தீர்மானமாகின்றன. வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுவதைப் பார்க்கிற வட்டவிதானைமார் வந்திருப்பார்கள், கமநல சேவை உத்தியோகத்தர்கள், நீர்ப்பாசனப் பொறியியலாளர், பிரதேச செயலாளர் இருப்பார்கள். மாட்டுக்குத் திகதி போடலாம் என்றால் நெருப்புக்கு ஏன் போடக்கூடாது? அறுவடை முடிந்து இத்தனை நாளுக்குள் வைக்கோல் கட்டும் மெசின் இந்த வட்டைக்கு வரும், அதுவரை நெருப்பு வைப்பதில்லை என்று ஒரு வரி. மெசினுக்கு யார் காசு போடுவது என்றால், அங்கேதான் மாநகர சபையும் நகர சபைகளும் வர வேண்டும். கச்சானில் அந்தப் புகையை வாங்குகிறவர்கள் அவர்கள்தானே. மாட்டுக்காரருக்கு வைக்கோல் கட்டு விற்றால் செலவில் ஒரு பங்கு திரும்பி வரும். நகர சபைக் காசில் வயலுக்கு மெசின் என்றால் கணக்காய்வில் கேள்வி வரும். அதற்காகத்தான் உள்ளூராட்சி உதவி ஆணையாளரை முதல் நாளிலிருந்தே கூட்டத்தில் இருத்த வேண்டும் என்கிறேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லாப் புகையும் எங்களுடையது அல்ல. 2022 டிசம்பரில் மண்டூஸ் புயலோடு வட இந்தியப் பக்கத்து மாசு இழுபட்டு வந்து, டிசம்பர் 9 இல் நாடு முழுக்கப் பாடசாலைகளை மூட வேண்டி வந்தது. வாடை காலத்தில் அப்படியான நாட்கள் வரும். அதைச் சபைகள் தடுக்க முடியாது. அந்த நாட்களில் எல்லாச் சபையும் ஒரே நேரத்தில் "இன்றைக்கு எங்கும் நெருப்பு வைக்க வேண்டாம்" என்று பள்ளிவாசல், கோயில், தேவாலய ஒலிபெருக்கிகளில் அறிவிக்க மட்டும் முடியும். டெங்கு நேரத்தில் செய்தோமே, அந்த மாதிரி.

அளவீடு வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டும், ஆனால் அதிலேயே ஒரு வருடத்தைக் கழித்துவிடாதீர்கள். விலை குறைந்த உணர்கருவிகள் இருக்கின்றன. வாவிக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் ஒன்று என்று மூன்று வைத்தாலே காற்று பக்கம் மாறுவது இலக்கத்தில் தெரியும். ஒன்று கவனம்: இவை ஒளியை வைத்துத் துகளை எண்ணுகின்றன, எங்கட கடற்கரை ஈரத்தில் நீர்த்துளியையும் தூசியாக எண்ணி இலக்கத்தைக் கூட்டிக் காட்டிவிடும். ஆகவே மத்திய சுற்றாடல் அதிகார சபையோ தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமோ வைத்திருக்கும் நல்ல கருவியோடு கொஞ்ச நாள் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, திருத்தக் கணக்குப் போட்ட பிறகே வெளியே சொல்லுங்கள். குப்பை மேட்டுக்கு நேர் பக்கத்தில் வைக்கவும் வேண்டாம். அங்கே புகை என்பதைச் சொல்லக் கருவி எதற்கு? திருப்பெருந்துறைக் குப்பை மேடு தீப்பிடித்துப் புகைந்த நாட்களில் யாரும் இலக்கம் கேட்கவில்லை.

கடைசியாக, கூட்டு வேலை எங்கே செத்துப்போகும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தொடக்க விழாவில் சாகாது. அம்பாறை மாவட்டத்தில் பள்ளக்காடு என்ற இடத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒன்பது ஊர்களின் குப்பைக்குப் பொதுவான இடம். யானை வராமல் மின்வேலியும் போட்டிருந்தார்கள். 2014 இல் மின்னல் அடித்து வேலி பழுதானது. திருத்தப்படவில்லை. யானைகள் உள்ளே வந்து பொலித்தீனைத் தின்றன. எட்டு வருடத்தில் சுமார் 20 யானைகள் செத்த பிறகு, 2022 தொடக்கத்தில் அது உலகச் செய்தியானது. ஒரு வேலியைத் திருத்துகிற காசு ஒன்பது ஊருக்குப் பெரிய காசா? யாருடைய வரவு செலவுத் திட்டத்தில் அந்த வரி இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. எல்லாருக்கும் பொதுவானது யாருடைய கணக்கிலும் ஏறாமல் போய்விடுகிறது. உங்கட உணர்கருவி, வைக்கோல் மெசின், எல்லை டிரக்டர் ஒவ்வொன்றுக்கும் எந்தச் சபையின் எந்தச் செலவுத் தலைப்பு என்பதை, டிசம்பருக்குள் பாதீடு நிறைவேறும் முன்னமே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் இதைத் தொடங்கவும் வேண்டாம். அங்கே கமெராக்கள் இருக்கும், ஆள் ஆளுக்குச் சத்தம் போடுவார்கள், எந்த இனத்தவர் குப்பை எந்த இனத்தவர் ஊரில் என்ற பழைய பாட்டுத் தொடங்கிவிடும். பக்கத்துச் சபைத் தவிசாளரை ஒரு தேத்தண்ணிக்குக் கூப்பிடுங்கள், இரண்டு செயலாளர்கள், இரண்டு பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) போதும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு உங்கட சபைக் குப்பை டிரக்டரில் காலை ஆறு மணிக்கு ஏறுங்கள். சாரதி எந்தெந்த ஒழுங்கையில் "இதுக்கு அங்கால எங்கட இல்லை சேர்" என்று சொல்லித் திருப்புகிறாரோ, அந்த இடத்தையும் அங்கிருந்து தெரிகிற வீடுகளின் எண்ணிக்கையையும் எழுதுங்கள். அடுத்த நாள் அதே கொப்பியோடு பக்கத்துச் சபையின் டிரக்டரில், மறுபக்கமிருந்து.